சித்தி சொல்லித்தந்த முடிவு

வங்கித் தேர்வுத் தாளில் தர்க்கப் பகுதிக்கு மேலே ஒரு குறிப்பு இருக்கும்: கொடுக்கப்பட்ட கூற்றுகள் நடைமுறைக்கு மாறாக இருந்தாலும் உண்மை என்றே கொள்க. பின்னாளில் அரசு அலுவலகத்தில் நான் ஓய்வு பெறும்வரை பணியாற்றியது இந்தக் குறிப்பின்படிதான். ஆனால் அதைக் கற்றது சிறு வயதில், காளவாசலில் இருந்த எங்கள் வீட்டில், சித்தியிடம்.

சித்தி அம்மாவின் தங்கை. வங்கி எழுத்தர் தேர்வுக்காக எங்கள் வீட்டில் தங்கிப் படித்தாள். என்னை எதிரே உட்கார்த்தி இரண்டு கூற்றுகள் சொல்வாள். முடிவை நான் சொல்ல வேண்டும். பூனைகள் எல்லாம் நாற்காலிகள். நாற்காலி எதுவும் பறக்காது. ஆகவே பூனை எதுவும் பறக்காது.

தேர்வு நெருங்கியபோது, பேரையூரிலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அப்பாவுக்கு இடம் பிடித்துவிட்டது. வேலைக்கு விடுவார்களா என்று சித்தி கேட்டதற்கு, "அதெல்லாம் அவுக வாரப்ப பேசிக்கிருவோம்" என்றார். பெண் பார்க்கும் நடைமுறையில் பெண் வாய் திறக்க இடமில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்த வாரம் சித்தியின் கூற்றுகளிலிருந்து பூனைகள் போய் மருமகள்கள் வந்தார்கள். நான் காரணம் கேட்கவில்லை.

பேரையூர்க்காரர்கள் வந்த அன்று சித்தி என்னைத் தன் பக்கத்திலேயே இருத்திக்கொண்டாள். "கேட்டுக்கிட்டே இரு. விடை வந்தா சத்தமாச் சொல்லு" என்று முன்பே சொல்லியிருந்தாள்.

கேசரி சாப்பிடும்போது, தங்கை வங்கித் தேர்வு எழுதப் போவதை அம்மா மெல்லச் சொன்னாள். மாப்பிள்ளையின் தாய் சிரித்தார். "நாங்க யாரையும் தடுக்குறதில்லம்மா. என்ன, எங்க வீட்டு மருமக யாரும் வேலைக்குப் போறதில்ல. இவளும் இனி எங்க வீட்டு மருமகதான?"

"அப்ப சித்தி வேலைக்குப் போகாது" என்றேன்.

"பய இம்புட்டு வெவரமா இருக்கானே" என்று மாப்பிள்ளையின் தந்தை சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அப்பா, "அப்படித்தானா மாப்ள?" என்று கேட்டார். மாப்பிள்ளை தன் தாயைப் பார்த்தார்.

"கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றார் அப்பா. எந்த அலுவலகத்திலும் இதற்கு ஒரே பொருள்தான்.

"பெரியவுக பேசுறப்ப ஒனக்கு என்னடா வாயி?" என்று சித்தி எல்லோர் முன்னிலையிலும் என் தொடையில் கிள்ளினாள். அவர்கள் போனதும் அடுப்படிக்குக் கூட்டிப்போய்த் தன் பங்குக் கேசரியையும் என் தட்டில் தள்ளிவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சித்தி கிள்ளினாள். சித்தி கேசரி தந்தாள். இரண்டு கூற்றுகளையும் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தேன். எனக்கு எந்த முடிவும் கிடைக்கவில்லை.