தொண்ணூற்று நாலு வாங்கிய மாவட்டம்

நோரீன் பிரிக்கெட் தன் கையால் நட்ட அஸ்பாரகஸை ஒரு தடவைகூடச் சாப்பிட்டதில்லை. குற்றம் செடியின் மேல் இல்லை. அஸ்பாரகஸ் மண்ணிலிருந்து விரல்போல் முளைக்கும் காய்கறித் தண்டு; நட்டால் முதல் இரண்டு வசந்தம் கத்தி வைக்கக் கூடாது. மூன்றாவது வசந்தத்தில் கட்டைவிரல் தடிமனுக்குத் தண்டு விடும். அப்புறம் இருபது வருடம் கேட்காமலே கொடுத்துக்கொண்டிருக்கும். அவள் புருஷன் லோவெல்தான் மூன்றாவது வசந்தம் வரை ஓர் ஊரில் தங்கியதில்லை.

லோவெல் ஒஹாயோவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நஷ்டம் மதிப்பிட்டவர். எரிந்த வீடுகளையும் வெள்ளம் புகுந்த வீடுகளையும் காலமெல்லாம் பார்த்து, உலகமே இன்னும் எரியாத ஒரு வீடு என்ற முடிவுக்கு வந்துவிட்டார். ஓய்வு பெற்றதும் மாவட்டங்களை மதிப்பிடத் தொடங்கினார். எல்லாம் கவிழ்கிற அன்றைக்குத் தன் கிணறு, தன் விறகு, தன் கோதுமை என்று ஒருவன் எங்கே பிழைத்துக் கிடக்கலாம்? நூற்றுக்கு மதிப்பெண். மழைக்குக் கொஞ்சம், மண்ணுக்குக் கொஞ்சம். அள்ளிக் கொடுப்பதெல்லாம் ஆள் இல்லாமைக்கு. பக்கத்து வீடு என்பது லோவெல் கணக்கில் ஒரு பசித்த வாய். இதை இணையத்தில் எழுதினார். அவரைப் போலவே உலகம் முடியக் காத்திருக்கும் ஆசாமிகள் நாடு முழுக்க அதை விழுந்து விழுந்து படித்தார்கள்.

மிசூரியில் ஒரு மலையடிவாரம் எண்பத்தெட்டு வாங்கியது. போனார்கள். நோரீன் பாத்தி போட்டாள். சாலையோரம் ஒரு மலிவு விலைக் கடை திறந்தது. கடை வந்தால் கூட்டம் வரும் என்று லோவெல் மூட்டை கட்டினார். நெப்ராஸ்கா தொண்ணூறு வாங்கியது. மறுபடி பாத்தி. பக்கத்துப் புல்வெளிக்கு அடியில் அரசாங்கம் ஏவுகணையைப் புதைத்து வைத்திருப்பது வீடு வாங்கிய பிறகுதான் லோவெலுக்குத் தெரிந்தது. ஊருக்கே தெரிந்த சங்கதி. அவர்தான் ஊரில் யாரிடமும் பேசுவதில்லையே. இரண்டு ஊரிலும் தன் பாத்தியை இப்போது யாரோ வெட்டித் தின்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் நோரீனுக்கு வயிறு எரிந்தது.

பிறகு ஐடஹோவின் வடக்கே டன்லோ மாவட்டம். தொண்ணூற்று நாலு! போட்டுவிட்டு லோவெலுக்கே கண் கலங்கியது.

நோரீன் பாத்தி போட்டாள். இப்போது மூன்றாவது வசந்தம். பனி கரைந்த மண்ணை அஸ்பாரகஸ் தண்டுகளின் ஊதா மூக்குகள் முட்டத் தொடங்கியிருந்தன. அதே வாரம் லோவெல் காலைச் சாப்பாட்டு மேஜையைக் குத்தினார்.

"மேட்டுல ஒருத்தன், ஓடைக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேரு, இப்போ சர்ச்சுக்குப் பின்னால ஒரு டெக்ஸாஸ்காரன். ஆளுக்கொரு கேட்டு, ஆளுக்கொரு நாய், 'உள்ளே வந்தால் சுடுவேன்'னு போர்டு. இத்தனை பேரும் எங்கேருந்து முளைச்சாங்க? இந்த இடத்தைப் பத்தி இவங்களுக்கு யாரு சொன்னது?"

நோரீன் ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். "நீதான்."

"நான் மதிப்பெண் போட்டேன். வாங்கன்னு கூப்பிட்டேனா?"

"தொண்ணூத்தி நாலு போட்டா என்ன பண்ணுவாங்க? கைதட்டிட்டு வீட்லயே இருப்பாங்களா?"

லோவெல் காதில் வாங்கவில்லை. கூட்டத்துக்காகக் கழித்ததில் டன்லோ எழுபத்தொன்றுக்கு இறங்கிவிட்டது. நெவாடாவில் ஓரிடம் தொண்ணூற்றாறாம்.

"அங்க மண்ணு எப்படி?"

"மண்ணா? எல்லாம் கல்லு. ஆனா கண்ணுக்கெட்டின தூரம் ஒரு ஜீவன் கிடையாது."

"ஏன் கிடையாதுன்னு யோசிச்சியா?"

அதற்குள் வாசல் பக்கம் நாய் குரைத்தது. லோவெல் பைனாகுலரை எடுத்துக்கொண்டு விறகு அடுக்குக்குப் பின்னால் ஓடிப் பதுங்கினார். பசித்த கும்பலை எதிர்பார்த்துப் பதினோரு வருடமாக ஒத்திகை பார்த்த பதுங்கல் அது.

"கேட்டைத் தாண்டியாச்சு," என்று கிசுகிசுத்தார். "கையில ஏதோ வச்சிருக்கா. கனமா இருக்கு."

"அது சட்டி, லோவெல். ஓப்பல் வர்றா."

ஓப்பல் ஹாகென் அடுத்த பண்ணைக்காரி. சட்டி நிறைய உருளைக்கிழங்கும் சீஸும் வெந்து மணத்தது. அவள் விறகு அடுக்கைப் பார்த்துக் கத்தினாள்: "எழுந்து வா லோவெல், முட்டி பிடிச்சுக்கும்! உங்க வீட்டுப் புகைபோக்கில ரெண்டு நாளாப் புகையே இல்லையே, யாருக்காவது முடியலையோன்னு வந்தேன்."

லோவெல் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முதல் முதலாக அவர் வேலியைத் தாண்டி வந்த எதிரி, அவருக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். உள்ளே போய், பக்கத்து வீட்டார் புகையைக் கவனிக்கிறார்கள் என்று இன்னும் மூன்று மதிப்பெண் கழித்தார்.

நோரீனுக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்தது. வீடு மாறிய போதெல்லாம் வராத கோபம்.

"குறைச்சு எழுது," என்றாள். "டன்லோவுக்கு முப்பத்தொண்ணு போடு. உன் ஆளுங்க படிச்சிட்டுத் தானா ஓடிப் போவாங்க. நாம இருப்போம்."

"பொய் மதிப்பீடா? ஒரு ஜன்னல் கண்ணாடிக்குக்கூட நான் கூட்டிக் குறைச்சுப் போட்டது கிடையாது நோரீன்!"

"அப்போ நீ நெவாடாவுக்குப் போ. நான் வரல."

லோவெல் போய் உட்கார்ந்து எழுதினார். முதல் வரிக்குக் கை கூசியது. அடுத்த வரியிலிருந்து தொழில் திறமை பற்றிக்கொண்டது. கிணற்றில் ஆர்செனிக் விஷம் இருக்கலாம். காடு ஒரு தீக்குச்சிக்குத் தாங்காது. ஓடை எந்த வசந்தத்திலும் பாலத்தைத் தூக்கிப் போகும். படித்தால் குலை நடுங்கும், அவ்வளவு அருமையாக வந்திருந்தது.

டெக்ஸாஸ்காரன்தான் முதலில் கிளம்பினான். பின்னாலேயே மேட்டுக்காரன், ஓடைக்காரர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராதவர்கள் ஒரே சாலையில் வரிசைகட்டிப் போனார்கள். உலகம் முடியும் நாளுக்கென்று அவர்கள் சேர்த்து விட்டுப்போன அரிசியை ஓப்பல் வாளி வாளியாகக் கோழிக்குப் போட்டாள். பள்ளத்தாக்கு பழையபடி அமைதியானது. ஓப்பலுக்குக் கழித்த மூன்று போக, லோவெலின் கணக்குப்படியே இப்போது தொண்ணூற்றொன்று.

ஆனால் லோவெல் கிணற்று நீரைக் காய்ச்சிக் குடிக்க ஆரம்பித்திருந்தார். காற்றடித்தால் மூக்கை உயர்த்திப் புகை மோந்தார். தினமும் பாலத்தடிக்குப் போய் ஓடையை முறைத்தார். ஒரு சாயங்காலம் பிக்கப் வண்டியில் கோதுமை வாளிகளை ஏற்றிவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நான் எழுதினதைத் திரும்பப் படிச்சேன் நோரீன். முப்பத்தொண்ணு. இங்க மனுஷன் இருக்க முடியாது."

நோரீன் திரும்பவில்லை. வாணலியில் வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. பாத்தியிலிருந்து அப்போதுதான் வெட்டி வந்த தண்டுகளை அதில் போட்டாள். அந்த வாசனைக்கு அவள் கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு அறுபத்தொன்பது," என்றாள். "அந்தப் பாத்தி இன்னும் இருபது வருஷம் கொடுக்கும். என் மதிப்பீடு முடிஞ்சுது. நீ போறதுன்னா போ."

லோவெல் போய் வண்டியில் ஏறினார். இன்ஜின் உறுமியது. உறுமிக்கொண்டே இருந்தது, வண்டி நகரவில்லை. அரிசி இல்லாமல், மின்சாரம் இல்லாமல், அரசாங்கம் இல்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்று மனிதர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். நோரீன் இல்லாமல் எத்தனை நாள் என்று போட்டதே இல்லை.

இருட்டத் தொடங்கியபோது இன்ஜின் நின்றது. லோவெல் உள்ளே வந்து மேஜை முன் உட்கார்ந்தார். இரண்டு தட்டு இருந்தது. இரண்டும் துடைத்து வைத்தாற்போல் காலி.

"என் பங்கு எங்க?"

"சாப்பிட்டுட்டேன்," என்றாள் நோரீன். "அடுத்த வாரம் மறுபடி முளைக்கும். இங்க இருக்கறவங்களுக்குக் கிடைக்கும்."