குடத்தைச் சரித்த கிழவர்

மனைவியின் சாம்பல் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், எங்கள் வீட்டுத் துணி அலுமாரியின் மேல் ஒரு பெட்டியில் இருந்தது. சாம்பலை வீட்டுக்குள் வைத்திருப்பது எங்களிடம் வழக்கமில்லை. ஊரில், கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டும் என்று பக்கத்து நகரமான லவாலில் இருக்கும் மச்சான், அவளுடைய அண்ணன், சொல்லிக்கொண்டே இருந்தார். ஊருக்குப் போக விமான ரிக்கெற்றும் எடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்தால் கையோடு கொண்டுபோய்விடுவார். அதனால் நகர மையத்தில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தில் சந்திப்போம் என்றேன்.

பனிச்சப்பாத்தோடு வந்தார்.

"கதைக்க வேற இடம் கிடைக்கேல்லையோ உமக்கு? ஒரு தேத்தண்ணிக் கடையும் இல்லாமல் போச்சே?"

பரோக் காலத்துப் பழைய ஐரோப்பிய ஓவியங்கள் இருந்த அறைக்குப் போனோம். பத்திரிகையில் வேலை செய்த பழக்கத்தில் நான் படத்துக்கு முன் படக்குறிப்பைப் படிப்பவன். தலைப்பு, 'நீரின் உருவகம்'. நாணல்களுக்கு நடுவே தாடி வைத்த கிழவர் ஒருவர் சாய்ந்திருந்தார். அவருடைய கைக்குக் கீழே சரிந்த குடத்திலிருந்து தண்ணீர் கொட்டியது. பக்கத்தில் சிப்பி ஏந்திய பெண். முன்னால் வாய் திறந்த மீன்கள். இவ்வளவு தண்ணீர் இருந்தும் யாருடைய காலும் நனைந்திருக்கவில்லை. அதைக் கவனித்தேன். வேறெதுவும் தோன்றவில்லை.

மச்சான் தொப்பியைக் கழற்றினார்.

"பாவம், வயசான காலத்தில தனியக் கரைக்கிறார். ஆருடைய சாம்பலாம்?"

"சாம்பல் இல்லை மச்சான். அந்தக் கிழவர்தான் ஆறு. குடத்திலயிருந்து ஆறு தொடங்குதாம்."

"ஆர் சொன்னது?"

"எழுதிக்கிடக்கு."

"எழுதினவர் ஒரு செத்தவீட்டுக்கும் போகேல்லைப் போல."

காவலர் திரும்பிப் பார்த்தார். மச்சான் குரலைத் தாழ்த்தினார்.

"அது ஆறெண்டே இருக்கட்டும். எவ்வளவு காலத்துக்கு உப்பிடியே பிடிச்சுக்கொண்டிருக்கிறது? கை உளையாதோ அவருக்கு?"

கிழவரின் கையைப் பார்த்தேன். முன்கை நரம்புகளை ஓவியர் புடைப்பாகவே வரைந்திருந்தார். படக்குறிப்பில் அதைப் பற்றி எதுவும் இல்லை.

"வீட்டுக்கு வாங்கோ," என்றேன்.

மெட்ரோ பிடித்து வந்தோம். வீட்டில் கதிரை போட்டு ஏறி, பெட்டியை எடுத்துக் கீழே நீட்டினேன்.

"பாரமாக் கிடக்கு," என்றார்.

"ஓம்."

சரிந்துவிடாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.