உள்ளே போகாத கார்டு

இதில் ஒரு வரிகூட நான் கட்டிவிட்டது இல்லை. கட்டிவிட வேண்டிய அவசியமும் இல்லை, நடந்ததே போதும் போதும் என்று இருக்கிறது. என்னோடு ஒரே மேசையில் பல வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவனுக்கு நடந்தது இது. அவன் வாயால் சொல்லி நான் கேட்டேன். கடைசியில் அந்தக் கார்டை என் கையிலேயே வாங்கிப் பார்த்தேன், அதனால்தான் எழுதத் துணிகிறேன். இன்னொன்று, இது ராத்திரிக் கதை இல்லை. பட்டப்பகலில், ஞாயிற்றுக்கிழமை மதியம், கீழே பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தபோது நடந்தது.

கடையில் அவனுக்குப் பெயர் கண்ணளவு. எந்தப் பாகத்தைக் கொண்டுவந்து நீட்டினாலும் டேப் எடுத்து அளக்க மாட்டான். ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பான். "போகும்" என்பான், அல்லது "போகாது" என்பான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அப்படிச் சரியாக இருந்து இருந்துதான் ஆள் கெட்டுப்போனான் என்று நான் சொல்வேன்.

அவன் மனைவியின் தம்பி அவர்கள் வீட்டிலேயே தங்கி, ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். கேம் விளையாட நல்ல கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும் என்பது அந்தப் பையனின் நெடுநாள் ஆசை. வீட்டிலேயே ஒரு மெக்கானிக் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, பையன் அவனிடம் ஒரு வார்த்தை யோசனை கேட்கவில்லை. தானே படித்து, தானே ஒப்பிட்டுப் பார்த்து, ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்தான். பிராசஸர் வந்தது. மதர்போர்டு வந்தது. ராம், பவர் சப்ளை, இவற்றை உள்ளே வைத்துப் பூட்டுகிற கேபினட் பெட்டி எல்லாம் வந்தன. பெட்டி வரும்போதெல்லாம் கண்ணளவு ஒரு நொட்டை சொன்னான். பையன் சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பு இவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பையனிடம் ஒரு விசித்திரப் பழக்கம். கேபிள்களைக் கட்டப் பிளாஸ்டிக் டை போட மாட்டான். பழைய ஷூ லேஸால் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு சுருக்குப் போடுவான்.

"டைய வெட்டினா அந்த முனை கையக் கீறுது மாமா."

"அப்படியே அதுக்கு ஒரு சாக்ஸும் மாட்டி விடு மச்சான்," என்பான் இவன்.

கடைசியாகக் கிராபிக்ஸ் கார்டு வந்தது. முழங்கை நீளம். திரையில் படம் வரவைப்பதே அதுதான், அது இல்லாமல் அந்த மெஷின் வெறும் தகரப்பெட்டி. ஆனால் கேபினட்டுக்குள் முன்பக்கம், ஹார்டு டிஸ்க் மாட்டுகிற ஒரு கம்பிக்கூண்டு துருத்திக்கொண்டு நின்றது. கண்ணளவு சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்தே ஒரு கண்ணைச் சுருக்கினான்.

"போகாது."

"அந்தக் கூண்டக் கழட்டிடலாம் மாமா. நாலு ஸ்க்ரூதான்."

"கழட்டினாலும் போகாது. எனக்கே பாடம் எடுக்கறியா? இன்னைக்கே போய் மாத்திட்டு வா. நாளைக்குப் போனா எடுத்துக்க மாட்டான்."

டேப் அவன் பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை. வெளியே மழை. பையன் பெட்டியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி பைக்கில் வைத்துக் கிளம்பினான். திருப்பத்தில் ஒரு லாரி. அதற்கு மேல் அவன் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பையனின் துணியையும் ஷூவையும் ஒரு பையில் போட்டு, வாயை ஒட்டி, முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். மூலை நசுங்கிய கார்டுப் பெட்டியைத் தனியாகக் கொடுத்தார்கள். அக்காக்காரி அந்தப் பையைப் பிரிக்கவே இல்லை. பீரோவுக்குள் அடியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவள் ஒன்றையே சொன்னாள். "கார்டு அளவு பெருசு. மாத்தித்தானே ஆகணும், போனான். யாரை நொந்துக்கறது?" அந்த ஒரு பேச்சில்தான் அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு நின்றுகொண்டிருந்தது.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு, பல நாளாகக் கேட்டதையே அவள் மறுபடி சொன்னாள்.

"எல்லாம் பெட்டியிலயே கிடக்கு. ஒரே ஒரு தடவை அதை ஓட விடுங்க. நான் பார்க்கணும். அப்புறம் யாருக்காவது குடுத்துடலாம்."

"அவன் வாங்கின கார்டு உள்ள போகாதே. கடையில இருந்து சின்னது ஒண்ணு எடுத்துட்டு வந்திருக்கேன்."

"அதையே போடுங்க," என்றுவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள். மருந்துக்கடையில் பில் போடுகிற வேலை. மாலையில் திரும்புவாள்.

கண்ணளவு பையனின் அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பூட்டினான். கைப்பழக்கம்தானே, மளமளவென்று முடிந்தது. கார்டு மட்டும் பாக்கி. அப்போது அவனுக்கு என்ன தோன்றியதோ, பீரோ மேலிருந்த நசுங்கின பெட்டியை இறக்கினான். கூண்டின் நாலு ஸ்க்ரூவையும் கழற்றி அதை வெளியே எடுத்தான். நீளக் கார்டை உள்ளே இறக்கிப் பார்த்தான்.

போனது. வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. முன்பக்கம் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடமும் மிச்சம் இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான் என்று அவனுக்கே தெரியாது. பையன் போயிருக்கவே வேண்டாம். இவன் எழுந்து ஒரு தடவை அளந்திருந்தால் போதும்.

பிறகு அவன் செய்ததைக் கேட்டபோது எனக்கு அவன் மேல் அருவருப்புதான் வந்தது. கார்டை உருவிப் பழையபடி பெட்டியில் போட்டுப் பீரோ மேல் ஏற்றினான். கூண்டைத் திரும்ப உள்ளே வைத்து நாலு ஸ்க்ரூவையும் முறுக்கினான். அவள் வந்து எட்டிப் பார்த்தால் கூண்டு இருக்க வேண்டும். பெரிய கார்டுக்கு இடம் இருக்கக் கூடாது. போனவன் போய்விட்டான், இருக்கிறவளாவது தன்னோடு இருக்கட்டும் என்று நினைத்தானாம்.

கடையிலிருந்து கொண்டுவந்த சின்னக் கார்டை மாட்டினான். ஸ்விட்சைத் தட்டினான். காற்றாடிகள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது. மதர்போர்டில் மாட்டியிருந்த பொத்தான் அளவு ஸ்பீக்கர் கத்தியது.

பீ.......... பீ. பீ.

ஒரு நீளம், இரண்டு குட்டை. எங்கள் தொழிலில் இதற்கு அர்த்தம் ஒன்றுதான். கார்டு இல்லை.

கார்டு இருக்கிறது. கண்ணெதிரே இருக்கிறது. கழற்றி, ரப்பரால் முனையைத் தேய்த்து, மறுபடி மாட்டினான். அதே சத்தம். ராமை மாற்றினான். அதே சத்தம். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

மேசை மேல் நாலு ஸ்க்ரூ இருந்தன. வரிசையாக.

கூண்டு ஸ்க்ரூ. முறுக்க மறந்துவிட்டோமா? மறந்துதான் இருப்போம். தலை சரியில்லை. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இந்தத் தடவை கை வலிக்க முறுக்கினான்.

பீ.......... பீ. பீ.

ஒரு பழுது பிடிபடாவிட்டால் நாங்கள் ஒவ்வொரு பாகமாக வேறு மெஷினில் போட்டுப் பார்ப்போம். ஹாலில் அவனுடைய பழைய மெஷின் இருந்தது. அதற்குரிய மின்சார ஒயரைத்தான் இதற்கு மாட்டியிருந்தான். அந்த ஒயரை உருவிக்கொண்டு, சின்னக் கார்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனான்.

பழைய மெஷினில் போட்டதும் படம் பளிச்சென்று வந்தது. கார்டில் குறை இல்லை.

அணைத்தான். ஒயரை உருவிக் கீழே போட்டு, கார்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

அப்போது பையனின் அறையில்...

டக்.

கார்டு குழியில் உட்காரும்போது கொக்கி விழுகிற சத்தம். அதை அவன் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறான்.

"யாரு?"

கீழே பிள்ளைகளின் சத்தம்கூட நின்றிருந்தது.

பிறகு ஒரு காற்றாடி. மெல்ல... இன்னும் வேகமாக...

ஒயர் இங்கே ஹாலில் கிடக்கிறது.

அவன் காலடியில் கிடக்கிறது.

பீ.

ஒரே ஒரு குட்டைச் சத்தம். அதற்கும் எங்கள் தொழிலில் அர்த்தம் உண்டு. எல்லாம் சரி.

சுவரைப் பிடித்துக்கொண்டு போனான்.

கூண்டு தரையில் கிடந்தது.

நசுங்கின பெட்டி திறந்து கிடந்தது. காலி.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே நீளக் கார்டு.

அதன் கேபிளில் ஒரு பழுப்பு லேஸ். இரண்டு சுற்று. ஒரு சுருக்கு.

சொட்டு... சொட்டு... என்று அதிலிருந்து தண்ணீர்.

திரையில் வெளிச்சம்.

"என்னங்க."

பின்னால் அவள் நின்றிருந்தாள். தலைவலி என்று பாதியிலேயே வந்திருக்கிறாள். அவள் முதலில் திரையைப் பார்த்தாள். தம்பியின் ஆசை ஓடுகிறதே என்று ஒரு நொடி அவள் முகம் மலர்ந்தது என்றான் அவன். அதை மட்டும் மறக்க முடியவில்லை என்றான். பிறகு அவள் கண் உள்ளே இருந்த கார்டுக்குப் போனது. தரையில் கிடந்த கூண்டுக்குப் போனது. அவன் கையிலிருந்த சின்னக் கார்டுக்கு வந்தது.

கிட்டே வந்து குனிந்தாள். கார்டுக்கும் முன்பக்கத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் தாராளமாகப் போய்வந்தது.

"உள்ள போகாதுன்னு சொன்னீங்களே."

காற்றாடிகள் அப்போதுதான் நின்றன. திரை அணைந்தது. அவள் கத்தவில்லை, அழவில்லை. இரண்டு புடவையும் பீரோவின் அடியிலிருந்த அந்த முத்திரைப் பையும்தான் எடுத்துக்கொண்டாள். அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றுவரை திரும்பவில்லை.

மறுநாள் அவன் கார்டைக் கடைக்குக் கொண்டுவந்தான். லேஸும் சட்டைப்பையில் இருந்தது. நான் கார்டின் மூடியைக் கழற்றினேன். பலகை குறுக்கே பிளந்திருந்தது, விரிசலில் என் நகம் நுழைந்தது. நடுவில் இருந்த சிப்பே மூலை உடைந்து கிடந்தது. இருந்தாலும் மூன்று மெஷினில் போட்டுப் பார்த்தேன். மூச்சே இல்லை.

"இது கீழே விழுந்த அன்னைக்கே செத்துப்போச்சுப்பா," என்றேன். "இதுல எப்படிப் படம் வரும்?"

"வந்துச்சு. அவளும் பார்த்தா."

குற்ற உணர்ச்சியில் இவனே எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, இவனே மறந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். லேஸும் இவன் வேலைதான் என்று நினைத்தேன். அதை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். அவன் கை ஒரு மெஷினுக்குள் இருந்தபோது போன் வந்தது. அவள் பெயரைப் பார்த்ததும் பதறிப்போய் ஸ்பீக்கரில் போட்டான். நானும் கேட்டேன்.

"அந்தப் பையை இன்னைக்குத்தான் பிரிச்சேன். முத்திரை அப்படியே இருந்துச்சு. நான்தான் கத்திரிச்சேன்."

"சொல்லும்மா."

"ஒரு ஷூல லேஸ் இல்ல."

அவன் கண் என் மேசை இழுப்பறைக்குப் போனது. அவள் போனை வைத்துவிட்டாள்.

கண்ணளவு இப்போது எல்லாவற்றையும் டேப் வைத்துத்தான் அளக்கிறான். ஒரு ஸ்க்ரூவைக்கூட அளக்கிறான். டேப்பை மட்டும் நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், அந்த இழுப்பறையை அவன் திறப்பதில்லை. டேப்புக்குப் பக்கத்தில்தான் லேஸ் கிடக்கிறது. வெயில் காலம் வந்து, அதுவும் முடியப் போகிறது. இன்று காலையிலும் தொட்டுப் பார்த்தேன்.

இன்னும் காயவில்லை.