முதல் வாய்

என் அக்காவின் மகள் வலிப்பு வருவதற்குச் சற்று முன்பு பின்கதவைப் பார்ப்பாள். கதவு மூடியிருந்தாலும் பார்ப்பாள். யாரோ அங்கே வந்து கூப்பிட்டது போல முகம் திரும்பும். கண்கள் ஓர் ஆள் உயரத்துக்கு ஏறி அப்படியே நிற்கும். சில நேரம் "நிக்குது" என்று மட்டும் சொல்லுவாள். பிறகு வலது கை இழுக்கத் தொடங்கும். என்ன நின்றது என்று பின்னால் கேட்டால் அவளுக்கு நினைவிருக்காது. அப்போது அவளுக்கு ஐந்து வயது.

வலிப்புக்கு முன் இல்லாத ஒன்றை மூளை காட்டும் என்று கொழும்பில் டாக்டர் சிங்களத்தில் சொன்னார். அக்காவுக்கு அதைத் தமிழில் சொன்னவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, அதற்கு மேலும் படித்த முதல் ஆள் நான்தான். கஹவத்தைப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மருந்துக்கு அடங்காத வலிப்புக்குக் கீட்டோ உணவு கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். அந்தக் கணக்கை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது.

சோறு, ரொட்டி, சீனி கிடையாது. உடம்பு மாச்சத்தை மறந்து கொழுப்பை எரிக்கப் பழக வேண்டும். புரதமும் மாச்சத்தும் சேர்ந்து ஒரு கிராம் என்றால் கொழுப்பு மூன்று கிராம். புரதம் குறைந்தால் பிள்ளை வளராது, கூடினால் உடம்பு அதையே சீனியாக்கிவிடும். கலோரி குறைந்தால் மெலிவாள், கூடினாலும் பலன் கெடும். தட்டில் ஒட்டிய எண்ணெயைக்கூட வழித்து ஊட்டிவிட வேண்டும். சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் சோதனைப் பட்டி கத்தரிப்பூ நிறத்துக்கு மாறினால் எல்லாம் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

முட்டை, கட்டித் தேங்காய்ப்பால், கொஞ்சம் கீரை எல்லாம் காலையில் சின்னத் தராசில் நிறுத்து அவிப்பேன். மேலே பட்டரை உருக்கி ஊற்றி, வேளைக்கு ஒரு டப்பாவாக வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். ஊட்டுவது அக்கா. அதற்காகவே அவள் றப்பர் பால் வெட்டப் போவதை நிறுத்தியிருந்தாள். அத்தான் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார்.

சில வாரங்களில் வலிப்பு நின்றது. பட்டி நல்ல கத்தரிப்பூவாக வந்தது. பிள்ளை பின்கதவைப் பார்ப்பதையே மறந்துபோனாள்.

அப்போதுதான் எங்கள் தோட்டத்து லய வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண் ஒருநாள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்னா டீச்சர், நம்ம லயத்துல பட்டர் திங்கிற மகாராணி ஒங்க வீட்லதான் இருக்கா. எங்க புள்ளைக ரொட்டியும் சம்பலும் தின்னுட்டு இங்கதான் மோந்து பாத்துக்கிட்டு நிக்குதுக."

நானும் சிரித்தேன். என் அக்கா சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு பட்டி வெளுக்கத் தொடங்கியது. முதலில் இளஞ்சிவப்பு, பிறகு அதுவும் இல்லை. பிள்ளையின் தோள் எலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. ஒரு மாலை அவள் மெதுவாகப் பின்கதவுப் பக்கம் திரும்பினாள். "நிக்குது" என்றாள்.

நான் எல்லாவற்றையும் தேடினேன். பற்பசையை மாற்றினேன். காய்ச்சலுக்குக் குடிக்கும் மருந்துப் பாணியில் சீனி இருக்கிறதா என்று பார்த்தேன். தராசில் நாணயம் வைத்துச் சரிபார்த்தேன். தராசில் பிழை இல்லை. பக்கத்தில் யாராவது ரொட்டி கொடுக்கிறார்களா என்று கேட்டு அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். டப்பாக்கள் துடைத்தாற்போல் காலியாகவே இருந்தன.

அந்த நாட்களில் லயத்துக்குப் பின்னால், றப்பர் மரங்களுக்குள் ஒரு கறுப்பு நாய் வந்து படுக்கும். யாருடையது என்று தெரியாது. குரைக்காது. பிள்ளை மெலிய மெலிய அது பளபளத்தது. மூடுபனியில் முதலில் தெரிவது அதன் முதுகுதான், எண்ணெய் தேய்த்ததுபோல. அதைப் பார்க்கும்போதெல்லாம் பின்கதவைச் சாத்தினேன். ஏன் என்று என் படிப்புக்குத் தெரியவில்லை.

ஒரு காலை மண்சரிவால் பஸ் பாதி வழியில் திரும்பிவிட்டது. மழையோடு பின்பக்கமாக வீட்டுக்கு வந்தேன். பின்கதவு திறந்திருந்தது. அக்கா பிள்ளையை வாசலில் உட்கார வைத்து, டப்பாவின் மேலாக, மஞ்சளாகப் பட்டர் உறைந்திருந்த இடத்தில், ஒரு வாய் வழித்து எடுத்தாள். அதைப் பிள்ளையின் தலையைச் சுற்றினாள்.

"வந்த கண்ணு, போன கண்ணு, மோந்த மூக்கு, எல்லாம் இதோட போகட்டும்."

மரங்களுக்குள் எறிந்தாள். விழுந்த சத்தம் கேட்கவில்லை. மெல்லும் சத்தம்தான் கேட்டது.

"அக்கா, எவ்வளவு நாளா இத செய்ற?"

"பக்கத்து வீட்டுக்காரி மகாராணின்னு சொன்ன நாள்லேருந்து. ஒரு வாய்தான."

"அந்த ஒரு வாய்லதான் பட்டர் பூரா இருக்கு. மிச்சத்துல முட்டைதான். ஒவ்வொரு வேளையும் கணக்கு ஒடையுது. அதான் மெலியுறா, அதான் திரும்ப வருது."

"ஒன் கணக்க நான் தப்புன்னு சொல்லல. ஆனா லயமே பாக்குற சாப்பாட அப்படியே எம்புள்ள வாய்ல வைக்க எனக்குப் பயமாருக்கு. நிக்குதுன்னு அவ சொல்றப்ப நீயும்தான் கதவப் பாக்குற. நான் பாத்திருக்கேன்."

நான் பார்த்திருந்தேன்.

எறிவதற்கு வேறு முட்டை அவித்துத் தருகிறேன் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளை தின்ன இருந்த சாப்பாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டுமாம். கிளினிக்கில் உணவுக் கணக்கு போட்டுத் தந்த மிஸ்ஸுக்குப் போன் எடுத்து, வெட்கத்தோடு எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "சரி, அந்த வாயையும் கணக்குல சேருங்க" என்றார்.

அடுத்த நாளிலிருந்து பட்டரை மேலே ஊற்றவில்லை. முட்டையோடும் தேங்காய்ப்பாலோடும் சேர்த்து நன்றாக அடித்து அவித்தேன். எந்த ஓரத்தில் எடுத்தாலும் ஒரே கலவை. மொத்தத்தில் ஒரு வாய் கூடுதலாகவும் வைத்தேன். அக்கா எடுத்த வாயைத் தராசில் வைத்துப் பார்த்த பிறகே சுற்ற விட்டேன். அவள் முணுமுணுத்தாள், ஆனாலும் விட்டாள். மிஞ்சியது பிள்ளைக்கு வேண்டியது, கிராம் பிசகாமல்.

பட்டி மறுபடி நிறம் பிடித்தது. கன்னம் கொஞ்சம் தெளிந்தது.

பாடசாலை விடுமுறையில் ஒரு பகல், நானே ஊட்டிக்கொண்டிருந்தேன். அக்கா முதல் வாயைச் சுற்றி எறிந்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். பாதிச் சாப்பாட்டில் பிள்ளையின் முகம் திரும்பியது. கண்கள் பின்கதவில் அந்த உயரத்துக்கு ஏறி நின்றன.

"நிக்குது."

அக்கா ஓடிவந்து பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் கை வைத்தாள். நான் அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கை இழுக்கவில்லை. வெதுவெதுப்பாக, சாதாரணமாக இருந்தது. விரல்கள் என் விரலைப் பற்றின. மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கதவைப் பார்க்கவில்லை.

பிள்ளை மெல்ல எங்கள் பக்கம் திரும்பினாள்.

"சித்தி, அதுக்கு இன்னைக்குப் பசி இல்லையாம்."

அக்காவின் கை பிள்ளையின் முதுகிலேயே இருந்தது. டப்பாவில் இன்னும் பாதி இருந்தது. அது முழுவதும் அவளுக்குள் போக வேண்டும். கரண்டியை எடுத்து அடுத்த வாயை ஊட்டினேன். அவள் வாயைத் திறந்தாள்.