செருப்பின் அடியில் பகைவன்

இடைநிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். பழைய எகிப்து பாடம் வந்தால் பிள்ளைகளுக்கு மம்மி வேண்டும், பிரமிடு வேண்டும். எனக்குப் பிடித்தது செருப்பு. அந்த ஊர் அரசனின் செருப்பில், பாதம் படும் இடத்தில், கட்டிப்போட்ட பகைவர்களை வரைந்திருப்பார்கள். அவன் நடக்கும்போதெல்லாம் அவர்கள் மிதிபடுவார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குப் படம் என்றால் உயிருள்ளது. கல்லறைச் சுவரில் சிங்கத்தையோ பாம்பையோ வரைய நேர்ந்தால் பாதி உடம்போடு விட்டுவிடுவதும் உண்டு. முழுதாக வரைந்தால் எழுந்து வந்து செத்தவனைக் கடித்துவிடும் என்று பயம்.

என் தங்கையின் கணவன் அறைந்ததில் அவளுக்கு இடது காது போய்விட்டது. பூச்சோங்கிலிருந்து ஒரே ஒரு பையோடு, பண்டமாரானில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். அவளிடம் எதைச் சொல்வதென்றாலும் நான் வலப்பக்கம் போய் நிற்க வேண்டும். அப்படிச் சுற்றிப் போகும் ஒவ்வொரு முறையும் அவன் நாசமாய்ப் போகட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். அவனோ தினமும் போன் செய்து அழுதான். அவளும் நல்ல காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் என் ரப்பர் சிலிப்பரைக் கவிழ்த்துப் போட்டு, மார்க்கர் பேனாவால் அவனை வரைந்தேன். மேலே வரைந்தால் என் கால் மட்டும்தான் மிதிக்கும். அடியில் வரைந்தால் பாசாரில் மீன் கழுவி ஊற்றிய தண்ணீரிலும் அவன் முகம் குப்புற விழும். மீசை, தொப்பை எல்லாம் போட்டேன். கைகளை மட்டும் போடவில்லை. பாசாருக்குப் போனேன், பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெரு முழுக்கச் சுற்றினேன், பொதுக் கழிவறையில் தேவைக்கு மேல் நின்றேன். இவ்வளவு ஆசையாக நான் எங்கும் நடந்ததே இல்லை.

கழுவி வெயிலில் சாய்த்து வைத்ததைத் தங்கை பார்த்துவிட்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"கை எங்கக்கா?"

"வேணாம்னு விட்டுட்டேன்."

அதைக் கையில் எடுத்தாள். "மச்சம் இந்தப் பக்கம் வரும்" என்றாள். பிறகு தன் சிலிப்பரைக் கொண்டுவந்து மார்க்கரைக் கேட்டாள். அப்படியென்றால் அவனிடம் திரும்பிப் போக மாட்டாயா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் சமாதானப் பேச்சு. அவள் அதே சிலிப்பரை மாட்டிக்கொண்டுதான் வந்தாள். வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனோம். அவன் வீட்டுப் பெரியவர்கள் மாறி மாறிப் பேசினார்கள்.

"ஆம்பளைக்குக் கோவம் வரத்தான்மா செய்யும். நீதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும் லா."

அவள் வாயே திறக்கவில்லை. சரியென்று தலையாட்டிவிடுவாளோ என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் அந்த மௌனத்தைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டான். வெளியே வந்ததும், எல்லாரும் பார்க்கட்டும் என்று, குனிந்து அவளுடைய சிலிப்பரைக் கையில் எடுத்தான். காலில் மாட்டிவிடப் போகிறானாம்! பெரியவர்கள் முகமெல்லாம் சிரிப்பு.

சிலிப்பர் அவன் கையில் புரண்டது. அதே மீசை, அதே மச்சம், கையில்லாத தோள். அவன் முகம் செத்துப்போனது. குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கி அவளைப் பார்த்தான்.

"கீழ வை. நான் மிதிச்சு நடக்கணும்" என்றாள் என் தங்கை.