மருந்து கலக்கும் முனியராஜின் தூக்கம்

முனியராஜுக்குத் தூக்கம் வராததற்கு ஊரே வைத்தியம் சொன்னது. கசகசாவை அரைத்துக் குடி, உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவு, இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொள். எல்லாம் செய்தார். கோயிலில் முடியும் இறக்கியாயிற்று. மொட்டைத் தலையோடு விடிய விடியப் புரண்டதுதான் மிச்சம்.

அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினோரு வருடமாக மருந்து கலக்குகிறவர் அவர். மற்றவர்களுக்கு நாள் முழுக்க வேலை. அவருக்கு விடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறி மருந்து சூடாகுமுன் முடிந்துவிடும். ஒன்பதரைக்கெல்லாம் உடம்பைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். கொடுத்து வைத்த மனுசன் என்று மற்றவர்கள் பேசும்போது அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். தூக்கமில்லாத கண்ணோடு மருந்து முன்னால் உட்காருகிறவனுக்குத்தானே தெரியும்? இமை ஒரு கணம் சொருகினால் போகப்போவது அவர் ஒருவர் மட்டுமா?

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தால் பத்தரையிலிருந்து மூன்று வரை அடித்துப் போட்டது போல் தூங்குவார். அந்நேரம் மனைவி வள்ளித்தாய் மிக்சி போடமாட்டாள். வாசலில் யார் வந்தாலும் கையைக் காட்டித் துரத்துவாள். ராத்திரிதான் இல்லை, பகலிலாவது தூங்கட்டுமே என்ற இரக்கம். எழுந்ததும் சொம்பு நிறைய டீ கொடுப்பாள். ஆறு மணிக்குக் கடைத்தெருவில் இன்னொரு டீ, எட்டு மணிக்குக் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் சோலைச்சாமியோடு இன்னொன்று.

சாத்தூரில் டாக்டர் சுகிர்தா இதையெல்லாம் கேட்டுவிட்டு மாத்திரையே எழுதவில்லை. அதுவே முனியராஜுக்குப் பிடிக்கவில்லை. விழித்திருந்து மூளை வேலை பார்க்கப் பார்க்க அடினோசின் என்று ஒன்று அதில் சேருமாம். அது நிறையச் சேர்ந்தால்தான் கண் சொக்கும். தூங்கத் தூங்கக் குறைந்துவிடும். டீயில் இருக்கும் காபீனோ, அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் முந்திக்கொண்டு போய் உட்கார்ந்துகொள்ளும்.

"ராத்திரிக்குன்னு சேர்றதைப் பகல்லயே தூங்கித் தீத்துர்றீக அண்ணே. பெறகு எங்கிட்டு வரும்? பகல்ல படுக்காதீக, மத்தியானத்துக்கு மேல டீயும் வேண்டாம். மொத ஒரு வாரம் கஷ்டமாத்தான் இருக்கும். அதுவரைக்கும் மருந்துப் பக்கம் போகாம லீவு போடுங்க."

லீவா? ஆடி பிறந்துவிட்டது, தீபாவளி ஆர்டர் கழுத்தைப் பிடிக்கிறது. இந்த நேரத்தில் லீவு கேட்டால் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். முனியராஜ் லீவு கேட்காமலே பகல் தூக்கத்தை விட்டார். தூங்க விட்ட வள்ளித்தாயே இப்போது முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். இரண்டு பேரும் நாலு நாளும் எரிந்து விழுந்துகொண்டார்கள். ராத்திரித் தூக்கமோ இன்னும் வந்து சேரவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் கலந்துகொண்டிருந்தவரின் கை நின்றது. கந்தகம் சேர்த்தாயிற்றா, இல்லையா? நினைவே இல்லை. ஒரு குத்துமதிப்பாக முடித்திருக்கலாம், யாரும் பார்க்கவில்லை. எழுந்து போர்மேன் செல்லச்சாமியிடம் போனார்.

"கந்தகம் போட்டேனா, போடலையான்னு தெரியலண்ணே. இன்னைக்கு என் கையை நான் நம்பல."

செல்லச்சாமி திட்டவில்லை. கலவையை அப்புறப்படுத்தச் சொன்னார். முனியராஜைப் பேக்கிங் அறைக்கு அனுப்பி, அந்த இடத்தில் சோலைச்சாமியை உட்கார வைத்தார்.

பேக்கிங்கில் காலை முதல் மாலை வரை நின்றபடியே வேலை. படுக்க இடமில்லை, பதினொரு மணி டீயோடு சரி. பத்தே நாளில் ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்தவர் காலை ஐந்தரைக்குத்தான் எழுந்தார். மண்டை தெளிந்திருந்தது. நேரே செல்லச்சாமியிடம் போய்த் தன் வேலையைக் கேட்டார்.

"நீ வந்து சொன்னது பெரிய காரியம்தான் முனியா. ஆனா மறந்து நின்ன ஆளுன்னு தெரிஞ்ச பெறகு, எப்படிலே உன்னை அங்கன உக்கார வைப்பேன்?"

வீட்டில் வள்ளித்தாய், சாமி கண் திறந்துவிட்டது, இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறீர்கள் என்றாள். எந்த வேலைக்காகத் தூக்கம் கேட்டோமோ அதுவே போய்விட்டது, இனி இந்தத் தூக்கம் யாருக்கு வேண்டும் என்று அவர் சீறினார். சோற்றைப் பாதியில் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்தார். இன்றைக்காவது விடிய விடிய விழித்திருந்து செல்லச்சாமியையும் சோலைச்சாமியையும் டாக்டரையும் ஆசை தீர வைய வேண்டும். செல்லச்சாமியைத்தான் முதலில் எடுத்தார். அவரை வைது முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.