பூஜை போட்ட பெட்டி

எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம். மைசூரில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த தொண்ணூறுகளில் அது இன்னும் அதிகம். காயைப் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயுவைத் தானே உண்டாக்க முடியாதபடி மரபணுவை மாற்றி, ஒரு தக்காளிச் செடியை வளர்த்திருந்தேன். அதன் காய்கள் பறித்து ஒரு மாதமாகியும் கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சையாகவே இருந்தன. புதன்கிழமை ஆய்வுக் குழு வந்து பார்க்கும்போதும் இப்படியே இருக்கும், இல்லையென்றால் படிப்பையே விட்டுவிடுகிறேன் என்று பேராசிரியரிடம் சவால் விட்டேன். சாட்சிக்கு இரண்டு காய்களை அவர் மேசையிலும் வைத்தேன்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. எங்கள் அட்டெண்டர் தமிழ்நாட்டு எல்லையோரத்து ராமாபுரத்துக்காரர், தமிழ் பேசுபவர். எல்லாக் கருவிகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார். நான் அவரைக் கேலி செய்துகொண்டே, என் பெட்டிக்கு மட்டும் என் கையாலேயே பொட்டு வைத்து, பூஜைத் தட்டையும் உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுத்தேன். விஜயதசமி முடியும்வரை தொடக்கூடாது என்றார். சரி என்று தசரா ஊர்வலம் பார்க்கப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை பெட்டிக்குள் அத்தனை காய்களும் சிவக்கத் தொடங்கியிருந்தன. ஆனால் என் செடி தப்பு செய்திருக்கும் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. சாவி அட்டெண்டரிடம்தான் இருந்தது. பக்கத்துப் பெட்டியில் இருந்த சாதாரணத் தக்காளியோடு மாற்றி வைத்துவிட்டு மறைக்கிறார் என்று பேராசிரியர் எதிரிலேயே சொன்னேன்.

"பூசை போட்ட பொட்டிய யாருங்க தொறப்பாங்க?" என்றார் அட்டெண்டர். "நீங்க வெச்ச வாழப்பழத்தக்கூட எடுக்கலீங்க. கறுத்துப்போய்க் கெடக்குது பாருங்க."

பார்த்தேன். மண்டி மொஹல்லா கடைத்தெருவில் நானே வாங்கிய ஒரு சீப்பு ஏலக்கி வாழைப்பழம். பழுத்த வாழைப்பழம் எத்திலீனை விட்டுக்கொண்டே இருக்கும் என்பது எங்கள் துறையில் பாலபாடம். அதை மூன்று நாள் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன். பேராசிரியர் தன் அறைக்கு ஓடினார். மேசையில் இருந்த இரண்டு காய்களும் அப்போதும் பச்சை.

எனக்கு உயிர் வந்தது. அந்தத் தக்காளிக்கு வாயுவை உண்டாக்கத்தான் தெரியாது. வெளியிலிருந்து கொடுத்தால் பழுக்கத் தெரியும். விவசாயி வேண்டும்வரை பச்சையாக வைத்திருந்து, வேண்டும்போது பழுக்க வைத்துக்கொள்ளலாம். நான் விட்ட சவாலைவிட இது பெரிது. புதனன்று குழுவிடம் வாழைப்பழக் கதையையும் சேர்த்துச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன்.

குழு கிளம்பியதும் அட்டெண்டர் டீ கிளாஸ்களை எடுக்க வந்தார். எடுக்காமல் நின்றார்.

"எல்லாத்துகிட்டயும் பழத்தப் பத்திச் சொன்னீங்க மேடம். நான் மாத்தலைன்னு அய்யாகிட்ட இன்னும் சொல்லலீங்களே."

எனக்கு அவமானமாக இருந்தது. போய்ப் பேராசிரியரை அழைத்து வந்து, அதே பெட்டிக்கு முன்னால் நின்று, இவர் எதையும் மாற்றவில்லை, நான்தான் அபாண்டமாகச் சொன்னேன் என்றேன். சவால் விட்டபோது வந்த குரல் அன்றைக்கு வரவில்லை.